நாய்க்குட்டி, பூனைக்குட்டியைக் கடையில் வாங்கலாமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஆட்டுக்குப் பூச்சி மருந்து, மாட்டுக்குத் தாது உப்பு என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இப்போது பாதிப் பேர் துண்டில் சுற்றிய நாய்க்குட்டியோடு வருகிறார்கள். குட்டிக்கு வாந்தி, நாற்றமெடுக்கும் ரத்தப்பேதி. "எங்கே வாங்கினீங்க, எத்தனை நாள் குட்டி?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும்: கடையில் வாங்கினோம், மாசம் ஒண்ணு ஆச்சு, போன வாரம்தான்.

அப்படி வருகிறவர்கள் அதே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், விதிகளை எடுத்துப் படித்து, தெரிந்த டாக்டர்களிடமும் கேட்டு இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பெட் ஷாப்புல நாய், பூனை விக்கப்பிடாதுன்னு நம்ம ஊர்ல தடை உண்டா?

இல்லை. கடையில் நாய், பூனை விற்பது குற்றம் என்று குமரி மாவட்டத்திலோ தமிழ்நாட்டிலோ சட்டம் கிடையாது. ஆனால் யார் வேண்டுமானாலும் ஒரு கூண்டை வைத்து விற்றுவிடவும் முடியாது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்காக நாடாளுமன்றத்தில் முதலில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியவர், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசு இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. 2017-ல் வந்தது நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள். 2018-ல் வந்தது செல்லப்பிராணிக் கடை விதிகள். முதலாவது குட்டி போடவைத்து விற்பவர்களுக்கு, இரண்டாவது கடைக்காரர்களுக்கு.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. கடைக்கான பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய், பதிவு 5 வருடம் செல்லும். சான்றிதழைக் கடையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டி வைக்க வேண்டும்.

கடைச் சுவத்துல முனிசிபாலிட்டி லைசென்ஸ் மாட்டியிருக்காவளே, அது போதாதா?

போதாது. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நகராட்சியோ மாநகராட்சியோ கொடுப்பது தொழில் உரிமம். மளிகைக் கடைக்கும் அதுதான், டீக்கடைக்கும் அதுதான். உயிருள்ள பிராணியை விற்க, விலங்குகள் நல வாரியத்தின் பதிவு தனியாக வேண்டும். ஜிஎஸ்டி எண்ணைக் காட்டி "எல்லாம் பக்காவா இருக்கு" என்று சொல்லும் இடங்களும் உண்டு. ஜிஎஸ்டி வரிக்கானது, நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"வாரியப் பதிவுச் சான்றிதழைக் காட்டுங்க" என்று கேளுங்கள். மீன் தொட்டியும் தீவனமும் மட்டும் விற்கும் கடையில் இதைக் கேட்டுச் சண்டை போட வேண்டாம். நாய், பூனை, முயல், கினிப் பன்றி, வெள்ளெலி, கூண்டுப் பறவை ஆகியவற்றை விற்கும் கடைகளுக்குத்தான் இது பொருந்தும்.

நாகர்கோவில்ல ஒரு சட்டம், எங்க பஞ்சாயத்துல ஒரு சட்டம்னு மாறுமா?

ஒன்றிய விதிகள் நாகர்கோவில் மாநகராட்சிக்கும், குழித்துறை, குளச்சல், பத்மநாபபுரம், கொல்லங்கோடு நகராட்சிகளுக்கும், மலையோரத்தில் இருக்கும் கடைசி ஊராட்சிக்கும் ஒன்றுதான். சந்தையில் வாரம் ஒரு நாள் கூடை வைத்து விற்றாலும் விதியின் கண்ணில் அது கடைதான். உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறக்கூடியவை தொழில் உரிமம், சுகாதார நிபந்தனைகள், நாய் வளர்ப்பதற்கான உரிமம் போன்றவை.

குட்டிக்கு எத்தன நாள் ஆயிருக்கணும்? 30 நாள் ஆனாப் போதும், நம்மகூட நல்லா ஒட்டிக்கும்னு சொல்லுகாவளே?

8 வாரம், அதாவது 56 நாள். நாய்க்குட்டிக்கும் சரி, பூனைக்குட்டிக்கும் சரி, அதற்கு முன்னால் விற்பது விதிமீறல்.

"சின்னதுல கொண்டுபோனாத்தான் ஒட்டும்" என்பது விற்பவருக்கு வசதியான பேச்சு. குட்டி வளர வளரத் தின்னும், ஊசிச் செலவு வரும், கொழுகொழுவென்ற பொம்மை முகம் மாறும். அதனால் 30, 35 நாளிலேயே தள்ளிவிடப் பார்க்கிறார்கள். உண்மையில் மூன்றாவது வாரத்திலிருந்து குட்டி தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும்தான் பாடம் படிக்கிறது. விளையாட்டில் வலிக்கும்படி கடித்தால் மற்ற குட்டி கத்திவிட்டு விலகிப் போகும், தாய் உறுமும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அது கற்றுக்கொள்வது அப்படித்தான். அந்தப் பாடம் கிடைக்காத குட்டிதான் பிறகு உங்கள் பிள்ளையின் கையைக் கடித்துவைக்கிறது.

இன்னொன்று, தாய்ப்பால். சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். பாலை நிறுத்தி, இடத்தை மாற்றி, பஸ்ஸில் ஒரு மணி நேரம் குலுக்கிக் கொண்டுவந்து புது வீட்டில் விட்டால் அந்தச் சின்ன உடம்பு எப்படித் தாங்கும்? மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் அட்டைப்பெட்டியில் கண்கூட முழுசாகத் தெளியாத குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பார்த்த நாளில் சோறு இறங்கவில்லை.

ஊசி எல்லாம் போட்டாச்சுன்னு கார்டு குடுத்தாவ. அப்புறம் எதுக்குப் பயப்படணும்?

கார்டைக் கையில் வாங்கி நன்றாகப் பாருங்கள். ஊசி மருந்துக் குப்பியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். தயாரிப்பு எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். டாக்டர் அதை உரித்துக் கார்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, பதிவு எண்ணுடன் முத்திரை வைப்பார். ஸ்டிக்கர் இல்லாமல், மூன்று தேதிகளும் ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதியது போல இருந்தால் அந்தக் கார்டை நம்பாதீர்கள்.

உண்மையாகவே ஒரு ஊசி போட்டிருந்தாலும் அது ஆரம்பம்தான். முதல் ஊசி 6 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை என 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசி 3 மாதத்தில். தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருந்தால் முதல் ஊசியின் மருந்தை அதுவே முறித்துவிடும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். நம் மாவட்டத்தில் மழைக்காலத்து வயலிலும் ரப்பர் தோட்டத்திலும் எலிக்காய்ச்சல் உண்டு. நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். அதற்கான ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2019-ல் என் மகளுக்காக ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினோம். மருந்துக் கடைக்காரனான நானே கார்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் பால் குடிக்கவில்லை. ஏழாம் நாள் ராத்திரி மகள் மடியிலேயே போய்விட்டது. பார்வோ என்ற வைரஸ் நோய். விற்றவரிடம் கேட்டால் "உங்க வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல" என்றார். மகள் இன்றும் இன்னொரு நாய் வேண்டாம் என்கிறாள். இந்தப் பக்கத்தைத் தொகுக்க எனக்கு முதல் காரணம் அந்தக் குட்டிதான்.

பார்வோ வந்து ஒண்ணு செத்துப்போச்சு. அதே வீட்ல உடனே வேறொண்ணு வாங்கலாமா?

வேண்டாம். அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் வாசனை வருமே தவிர அது சாகாது. பிளீச்சிங் கரைசல் வேண்டும். தட்டு, துணி, படுக்கை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பல மாதங்கள் கழித்து, ஊசிகளை முடித்த, கொஞ்சம் வளர்ந்த நாயைக் கொண்டுவருவதே நல்லது.

ஒரே கடையில் அடுத்தடுத்து குட்டிகள் சாவதற்கும் இதுதான் காரணம். நோய் வந்த கூண்டில் அடுத்த குட்டியை விட்டால் அதுவும் அப்படியே போகும்.

கடைக்குள்ள போனா என்னத்தப் பாக்கணும்?

முதலில் மூக்கு. உள்ளே நுழைந்ததும் மூத்திர நெடி கண்ணைக் கரித்தால் அங்கே தினமும் கழுவுவதில்லை என்று அர்த்தம். கூண்டில் குட்டி எழுந்து நின்று திரும்ப இடம் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, கம்பித் தரையில் கால் சிக்குகிறதா என்று பாருங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி, வயிறு மட்டும் உப்பி முதுகெலும்பு தெரிவது எல்லாம் கெட்ட அறிகுறிகள். வாலை வெட்டி, காதை நறுக்கி வைத்திருந்தால் அதுவும் விதிமீறல். டாபர்மேன் வால் இல்லாமல் பிறப்பதாக இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது வாலோடுதான் பிறக்கிறது.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது நமக்குத் தெரியும். காற்றோட்டமில்லாத ஷட்டர் கடையில், மின்விசிறி நின்றுவிட்டால் கூண்டில் இருப்பதுக்கு ஓட இடமில்லை. ராத்திரி கடையைப் பூட்டிவிட்டுப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான்.

நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வது ஒன்று: தாயைக் காட்டச் சொல்லுங்கள். கடையில் தாய் இருக்காது. எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். விதிப்படி பெட்டை நாய்க்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது. 12 மாதத்தில் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. நாய்க்கு வருடம் இரண்டு முறை பருவம் வரும், 63 நாளில் குட்டி போடும். பணத்தாசை பிடித்தவர் ஒரு பருவத்தையும் விடமாட்டார். எங்கோ ஒரு கொட்டகையில் மடி தொங்கி, மயிர் கொட்டி, வெயிலையே பார்க்காமல் கிடக்கும் அந்தத் தாய், கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நமக்குத் தெரிவதே இல்லை. தாயை மறைப்பவர் எதையோ மறைக்கிறார்.

பூனைக்கும் இதே சட்டம்தானா?

கடை விதிகள் பூனைக்கும் அப்படியே பொருந்தும். பதிவு, 8 வாரம், தடுப்பூசி, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பது எல்லாம். ஆனால் 2017-ல் வந்த இனப்பெருக்க விதி நாய்க்கு மட்டும். தாய்க்கு இத்தனை ஈற்றுதான் என்ற கணக்கு பூனைக்கு அதில் இல்லை. இது பெரிய குறை.

பெர்ஷியன் பூனை கேட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. முகம் எவ்வளவு சப்பையோ அவ்வளவு மூச்சுத் திணறும், கண்ணீர் வடியும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் அந்த அடர்ந்த மயிருக்குள் படர்தாமரை வந்து, வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. நம்ம வீட்டு வாசலில் வந்து நிற்கும் நாட்டுப் பூனைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துல வாங்கினா நம்ம சட்டம் பொருந்துமா?

இரண்டும் ஒன்றிய விதிகள் என்பதால் கேரளத்துப் பாறசாலையிலும் அதுதான், நம் பக்கத்துப் படந்தாலுமூட்டிலும் அதுதான். வாங்கும் கடைக்குக் கேரள வாரியத்தின் பதிவு இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். பிரச்சினை வந்தால் புகார் கொடுக்க நீங்கள்தான் அலைய வேண்டும், அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவருவதற்கும் விதி உண்டு. 1978-ம் வருடத்துப் பிராணிகள் போக்குவரத்து விதிப்படி, பயணம் செய்யத் தகுதியாக இருக்கிறது, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று வேண்டும். அதைக் கேட்டால், குட்டியை டாக்டர் பார்த்தாரா இல்லையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வாட்ஸப் குரூப்புல போட்டோ போட்டு விக்காவ. கடையே இல்லியே, அப்ப சட்டம் எப்படி வரும்?

இணையத்தில் விற்கும் தளங்களையும் 2018 விதி கடை என்றே சொல்கிறது. ஆகவே போனில் விற்றாலும் பதிவு வேண்டும். நடைமுறையில் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். அழகான குட்டியின் படத்தை அனுப்பி, முன்பணம் வாங்கி, "வண்டி வாடகை", "ஊசிச் செலவு" என்று மேலும் கறந்து, நம்பரை மாற்றிவிடுவார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். நேரில் பார்க்காத குட்டிக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

எங்க வீட்டு நாய் நாலு குட்டி போட்டிருக்கு. வித்தா நானும் பதிவு பண்ணணுமா?

சும்மா கொடுத்தால் பதிவு தேவையில்லை. எட்டு வாரம் வைத்திருந்து, ஊசி போட்டு, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுங்கள். ஆனால் குறிப்பிட்ட இன நாயை வைத்து, இணை தேடிச் சேர்த்து, குட்டியை விற்பதாக இருந்தால் நீங்கள் இனப்பெருக்கம் செய்பவர் என்ற வரையறைக்குள் வருகிறீர்கள். வீட்டுக் கொல்லையில் செய்தாலும் அப்படித்தான். பதிவும் வேண்டும், மேலே சொன்ன வயது, ஈற்றுக் கணக்கும் பொருந்தும், குட்டிகளுக்கு அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் போட வேண்டும்.

அடுத்த முறை இந்தக் கேள்வியே வரக் கூடாது என்றால் கருத்தடை ஆபரேஷன்தான் வழி. "ஒரு தடவ குட்டி போட்டாத்தான் நாய்க்கு நல்லது" என்பதில் மருத்துவ உண்மை ஒன்றும் இல்லை.

ஹஸ்கி, பக் எல்லாம் தமிழ்நாட்டுல தடையாமே?

2024-ல் மாநில அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை அறிவித்தது. நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ, பிரெஞ்சு புல்டாக் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இனப்பெருக்கத்தைப் பற்றிய கொள்கை அது. ஏற்கெனவே வீட்டில் பக் வைத்திருப்பவர் அதனால் குற்றவாளி ஆகிவிடமாட்டார், பயந்துபோய்த் தெருவில் விட்டுவிடாதீர்கள். வளர்த்த பிராணியைக் கைவிடுவதுதான் 1960 சட்டப்படி குற்றம்.

விற்பனைக்கு என்று வெளிநாட்டிலிருந்து நாயை இறக்குமதி செய்வதை ஒன்றிய அரசு 2016-லேயே நிறுத்திவிட்டது. அதனால் "இம்போர்ட்டட் குட்டி" என்று யாராவது விலை சொன்னால் காகிதத்தைக் கேளுங்கள். நல்ல நாய்தான் வேண்டும் என்றால் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் எல்லாம் நம் தென்மாவட்டத்து வெயிலில் வளர்ந்தவை. ஆனால் அவை ஓடிப் பழகிய நாய்கள். மாடி வீட்டு பால்கனியில் கட்டிப்போடுவதற்கு அவற்றையும் வாங்காதீர்கள்.

ராட்வைலர், பிட்புல்லுக்குத் தடைன்னு டிவியில சொன்னாங்களே?

2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 23 இனங்களைக் குறிப்பிட்டு, விற்பனைக்கும் வளர்ப்புக்கும் அனுமதி தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்று வழக்குப் போனது. கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அடுத்த மாதமே அதை ரத்து செய்தன. அதே வருடம் மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் ராட்வைலர்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறியதும் பேச்சு மறுபடி கிளம்பியது. உள்ளாட்சிகள் இதில் தனியாக நிபந்தனை போடக்கூடும், எனவே வாங்குமுன் உங்கள் நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

வாங்கின குட்டி செத்துப்போச்சு. பணம் திரும்பக் கிடைக்குமா?

கேட்கலாம், ஆனால் கையில் காகிதம் வேண்டும். பில், தடுப்பூசிக் கார்டு, பணம் அனுப்பிய விவரம், சிகிச்சை கொடுத்த டாக்டரின் சீட்டு. வாங்கிய தேதிக்கும் நோய் தெரிந்த தேதிக்கும் இடைவெளி முக்கியம். பார்வோ கிருமி உடம்பில் புகுந்து 3 முதல் 7 நாளில், சிலசமயம் 14 நாள்வரை கழித்து, நோயாக வெளிவரும். மூன்றாம் நாளே படுத்துவிட்டால் அது உங்கள் வீட்டில் வந்தது என்று சொல்வது கடினம். இதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் 2019-ல் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள்.

கடையில கொடுமை நடக்கு. யார்கிட்ட போய்ச் சொல்ல?

நாகர்கோவிலில் உள்ள கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் ரசீதும் கிடைக்கும், பதிலும் சொல்லியாக வேண்டும். தேதியோடு போட்டோ, வீடியோ வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரோடு கைகலப்புக்குப் போகாதீர்கள், பிறகு வழக்கே திசைமாறிவிடும்.

1960 சட்டத்தில் வதைக்கு முதல் முறை அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபது வருடம் தாண்டியும் அதே தொகை. இன்று பூனைத் தீவனப் பாக்கெட்டின் விலைகூட இல்லை. பிராணியைக் கொன்றாலோ முடமாக்கினாலோ பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 வருடம் வரை சிறை உண்டு. புகார் எழுதும்போது பொருந்துமானால் அந்தப் பிரிவையும் குறிப்பிடுங்கள்.

அமெரிக்காவுல என் மகன் இருக்க ஊர்ல கடையில நாய்க்குட்டி விக்கவே முடியாதாம். உள்ளதா?

உள்ளதுதான். அங்கே அது ஊர் ஊராகத்தான் தொடங்கியது. நியூ மெக்சிகோவில் உள்ள ஆல்புகெர்க்கி நகரம் 2006-ல் முதலில் தடை போட்டது. அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான நகரங்களும், நம் மாவட்டம் போன்ற கவுண்டிகளும் போட்டன. பிறகுதான் மாநிலங்கள் வந்தன. கலிபோர்னியாவில் 2019 ஜனவரி முதல் காப்பகத்திலிருந்து வந்த நாய், பூனை, முயலைத்தான் கடையில் வைக்கலாம் என்றானது. நியூயார்க் மாநிலத் தடை 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் 6 மாதத்துக்குக் குறைந்த குட்டியை வளர்த்தவரிடமோ காப்பகத்திலோ மட்டுமே வாங்க முடியும். வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால்தான் அந்தச் சட்டத்தை அழைக்கிறார்கள். பிரான்சில் 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய், பூனை விற்பனை இல்லை.

தடை போட்டதும் எல்லாம் ஒழுங்காகிவிடவும் இல்லை. கலிபோர்னியாவில் சில தரகர்கள் பெயருக்குக் காப்பகம் ஒன்றைத் தொடங்கி, பண்ணைக் குட்டிகளையே "மீட்கப்பட்டவை" என்று கடைக்குள் அனுப்பினார்கள். அந்த ஓட்டையை அடைக்க 2020-ல் இன்னொரு சட்டம் போட வேண்டிவந்தது.

அப்ப நாகர்கோவில் மாநகராட்சியும் ஒரு தீர்மானம் போட்டு நிறுத்திரலாமே?

முழுத் தடை அவ்வளவு எளிதல்ல. பிராணி வதைத் தடுப்பு அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் செய்யும் விஷயம். ஒன்றிய விதி பதிவோடு விற்கலாம் என்று சொல்லும்போது, ஒரு மாநகராட்சி விற்கவே கூடாது என்றால், தொழில் செய்யும் உரிமையைப் பறிக்கிறார்கள் என்று வழக்குப் போகும். 23 இனச் சுற்றறிக்கைக்கு நேர்ந்ததை மேலே பார்த்தோம்.

ஆனால் மாநகராட்சியால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதைத்தான் எங்கள் பக்கத்து உறுப்பினர்களிடமும் நகராட்சியிலும் கேட்டு வருகிறேன். விலங்குகள் நல வாரியப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் தொழில் உரிமம் கொடுக்காதீர்கள், புதுப்பிக்காதீர்கள். புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டு காகிதத்தையும் ஒன்றாகக் கேட்டால் போதும். நாகர்கோவிலில் 52 வார்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் வார்டு உறுப்பினரிடம் இதை எழுத்தில் கொடுங்கள்.

கடைக்காரங்க பொழப்பு என்னாவும்? அவங்களும் மனுசங்கதானே?

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்து தீவனம், கழுத்துப்பட்டை, ஷாம்பு, மருந்து, மயிர் வெட்டிக் குளிப்பாட்டுவது என்றே நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குட்டியை விற்றால் ஒரு நாள் லாபம். அது பத்து வருடம் உயிரோடு இருந்தால் தீவனமும் மருந்தும் பத்து வருடம் விற்கும். விதிப்படி பதிவு செய்து, 56 நாள் காத்திருந்து, ஊசி போட்டு விற்பவரைத்தான் 30 நாள் குட்டியை அரை விலைக்குத் தள்ளுபவர் நசுக்குகிறார். விதியை நடைமுறைப்படுத்தினால் முதலில் மூச்சு விடப்போவது ஒழுங்கான கடைக்காரர்தான்.

காசு குடுத்து வாங்காம நல்ல குட்டி எங்க கிடைக்கும்?

உங்கள் தெருவிலேயே. மழைக்காலம் முடிந்த கையோடு எந்த ஊர்ச் சந்திலும் நாட்டு நாய்க்குட்டிகள் இருக்கும். தாய் விட்டுவிட்டுப் போனதா, இரை தேடப் போயிருக்கிறதா என்று ஒரு நாள் தள்ளி நின்று பாருங்கள். தாய் இருந்தால் அதற்குச் சோறு வையுங்கள், 8 வாரம் ஆனபின் குட்டியை எடுங்கள். கடைக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு கிடையாது. அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டி ஊசியைத் தொடங்குங்கள். பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கூண்டுல ஒரு குட்டி தல தூக்க முடியாமக் கிடந்துச்சு. பாவமா இருந்துச்சுன்னு காப்பாத்தத்தான் வாங்கினேன். அது தப்பா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. உங்கள் மனசு தப்பில்லை. அந்த ஒரு குட்டிக்கு நீங்கள் செய்தது நல்லது. ஆனால் நீங்கள் கொடுத்த பணத்தில் அந்தக் கூண்டுக்கு அடுத்த குட்டி வந்துவிடும், அதே கிருமி இருக்கும் கூண்டுக்கு. அதன் தாயை அடுத்த பருவத்துக்குத் தயார் செய்வார்கள்.

இனி அப்படி ஒன்றைப் பார்த்தால் பணத்தை எடுக்காதீர்கள், போனை எடுங்கள். கூண்டையும் குட்டியையும் கடைப் பெயர்ப்பலகையையும் படம் எடுத்து, மேலே சொன்ன இடங்களில் அன்றைக்கே புகார் கொடுங்கள். கையோடு ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிப்போக முடிந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். போகும் வழியில் பால் புகட்ட வேண்டாம். கதகதப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள், வாங்கிய தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள்.